முகத்தில் செர்வலா மணம்

வைட்டமின் சீ என்றால் தோடம்பழச் சுளை மணக்கும் என்று வாழ்நாள் முழுக்க நம்பி வந்திருக்கிறேன். சிறுவயதில் சூப்பிய மாத்திரை அப்படி மணத்தது. தடிமன் வந்தால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற வில்லை இன்றைக்கும் அப்படித்தான் மணக்கிறது. ஆகவே முகத்துக்குப் பூசுகிற வைட்டமின் சீயும் அப்படியே மணக்கும் என்று எதிர்பார்த்ததை முட்டாள்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. என் முட்டாள்தனங்கள் பின்னால் வருகின்றன. கபில நிறப் போத்தலின் மூடியைத் திறந்து, மூன்று சொட்டை உள்ளங்கையில் விட்டு, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். செர்வலா மணத்தது.

செர்வலா சுவிஸ்காரரின் ஆஸ்தான சொசேச். குட்டையாக, தடிப்பாக, வெந்நீரில் அதிக நேரம் ஊறிய கட்டைவிரலைப் போல இளஞ்சிவப்பாக இருக்கும். மாடும் பன்றியும் சேர்ந்தது. ஒரே கடியில் இரண்டு பாவம். சரியாகச் சொன்னால் என் உள்ளங்கையில் மணத்தது செர்வலாகூட இல்லை. செர்வலாவை அவித்து எடுத்துத் தின்றுவிட்டுப் போனபின், அடுப்பில் மறந்துபோய் ஆறிக்கிடக்கும் தண்ணீர். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடு. அதைத்தான் நான் ஐப்பசி மாதத்தில் காலையும் மாலையும் முகத்தில் தடவிக்கொண்டிருந்தேன்.

இந்த அரியண்டம் எப்படித் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு நொஷாட்டலில். வேலை அதற்கு மேலே மலையில், ஒரு கைக்கடிகாரப் பட்டறையில். கடிகாரத்தின் டயல்களில் குறை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். லூப் என்று சொல்லும் சிறிய உருப்பெருக்கியைக் கண்ணில் சொருகிக்கொண்டு, விளக்குக்குக் கீழே டயலை இப்படியும் அப்படியும் சரித்துப் பார்க்க வேண்டும். ஒரு தூசு, ஒரு கீறல், எண்ணின் ஓரத்தில் வழிந்த மை, எது இருந்தாலும் சிவப்புத் தட்டு. ஆனால் அதற்கும் ஒரு விதி உண்டு. எங்கள் மேசையில் நாலு மடங்குக்கு மேல் பெரிதாக்கிப் பார்க்கக் கூடாது. அதற்கு மேல் போனால் உலகத்தில் சிவப்புத் தட்டுக்குப் போகாத டயல் கிடையாது. பத்து மடங்கு லூப் ஒன்று இழுப்பறையில் இருக்கிறது. அது ஒரு டயலில் குறை உண்டா இல்லையா என்று சண்டை வந்தால் மட்டும் எடுப்பதற்கு.

ஒரு நாள் தேநீர் இடைவேளையில் அந்தப் பத்து மடங்கைக் கைபேசிக் கமராவின் முன்னால் பிடித்து என் கன்னத்தைப் படமெடுத்தேன். ஐம்பத்து நாலு வயதில் மனிதனுக்குச் சில நேரங்களில் செய்வதற்கு வேலை இருக்காது.

படத்தைப் பார்த்ததும் கையில் இருந்த பிஸ்கட்டைத் திரும்ப உறையில் வைத்தேன். குழிகள். குழிகளில் தேங்கிய எண்ணெய். ஒரு குழியிலிருந்து நரைத்த மயிர் ஒன்று வெளியே வந்து, மனம் மாறி, வளைந்து அடுத்த குழிக்குள் நுழைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கன்ன எலும்பின் மீது மங்கு. பால்தேத்தண்ணி சிந்தி, துடைக்க ஆளில்லாமல் காய்ந்த மேசையைப் போல ஓரங்கள் மட்டும் கறுத்திருந்தன. பழைய பாட்டுகளில் தலைவனைப் பிரிந்த தலைவிக்குப் பசலை படரும். அது அழகான நோய். அதற்குத் தோழி இருப்பாள், மழைக்காலம் இருக்கும். எனக்குப் படர்ந்ததற்குக் காரணம் முப்பது வருடமாகத் தொப்பி போடாமல் ஏரிக்கரையில் நடந்தது. அதில் கவிதை எதுவும் இல்லை.

முதலில் தேசிக்காயைப் பிழிந்து அந்தப் புளிச்சாற்றைப் பூசினேன். காணொளி ஒன்றில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே பூசினாள். நான் பூசிக்கொண்டு வெயிலில் நடந்தேன். தோல் சிவந்து, காந்தி, பாம்புச் சட்டைபோல உரிந்தது. உரிந்த இடம் முந்தியதைவிடக் கறுத்தது. அதன் பிறகுதான் பார்மசிக்குப் போனேன்.

வெள்ளை மேலங்கி போட்ட அம்மையாருக்கு என் வயதுதான் இருக்கும். ஆனால் அவருடைய கன்னத்தில் பத்து மடங்கு லூப்புக்கு எந்த வேலையும் இருந்திருக்காது. தேசிக்காய்க் கதையைக் கேட்டுக் கண்ணை மூடித் திறந்தார். பிறகு பொறுமையாக எல்லாம் சொன்னார். உரிந்த தோல் ஆறும்வரை எதுவும் பூசக் கூடாது. புதியவர்கள் பத்து வீத வைட்டமின் சீயில் தொடங்குவது நல்லது. தோல் சட்டென்று சிவக்குமானால் அதைவிடச் சாதுவான வகைகளும் உண்டு, அவை மெதுவாக வேலை செய்யும், ஆனால் எரிக்காது. காலையில் மட்டும். முகம் கழுவி, ஈரம் போகத் துவட்டி, மூன்று நாலு சொட்டு. அதன்மேல் வெயில் களிம்பு, மழை பெய்தாலும். வெயில் களிம்பு இல்லாமல் இதைப் பூசுவது வீண், மிஸ்யூ. இருட்டிலும் குளிரிலும் வைக்க வேண்டும். காற்றுப் பட்டால் கெடும், வெளிச்சம் பட்டால் கெடும், சூட்டிலும் கெடும். நிறம் மாறித் தேநீர்போல வந்தால் எறிந்துவிட வேண்டும்.

நான் “வி, வி” என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுத் தலையாட்டிவிட்டு இருபது வீதத்தை வாங்கினேன்.

அவர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. காலையில் மட்டும் என்றார்; நான் இரவு படுக்கும்போதும் பூசினேன், இரட்டிப்பு வேகத்தில் வெளுக்கட்டும் என்று. மூன்று சொட்டு என்றார். நான் சொட்டுக்குழாய் நிறைய வருகிற அளவைக் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் சேர்த்து இழுத்தேன். எரிந்தது. மருந்து பிடிக்கிறது என்று மகிழ்ந்தேன். வெயில் களிம்பு பூசினால் அரைகுறையாக வெள்ளையடித்த மதில்போலத் தெரிந்தேன், விட்டுவிட்டேன். பிரிட்ஜில் வைத்தால் மனைவி கண்டுபிடிப்பாள் என்பதால் குளியலறைச் சூடாக்கிக்கு மேலே, துவாய்களுக்குப் பின்னால் ஒளித்தேன். வீட்டிலேயே சூடான இடம் அதுதான்.

இரண்டு கிழமையில் அது தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. இந்த இடத்தில் ஒரு சுவிஸ்காரன் அதை எறிந்திருப்பான். எனக்கு நினைவு வந்தது தேசிக்காய் ஊறுகாய். ஊறுகாய் வைத்த முதல் கிழமை வெளிறிப்போய் இருக்கும்; கறுக்கக் கறுக்கத்தான் பதம். கறுத்த ஊறுகாயைக் கெட்டதென்று எறிந்த ஒருவரை நான் கண்டதில்லை. இதுவும் தேசிக்காயின் இனத்துச் சரக்குத்தானே, இப்போதுதான் ஊறி வருகிறது என்று முடிவுசெய்து, அளவை இன்னும் கூட்டினேன். மணமும் கூடியது. விரல்நுனிகள் செம்மஞ்சள் நிறமாயின. பட்டறையில் விரல் உறை போடுகிற வழக்கம் என்னைக் காப்பாற்றியது.

மனைவிக்கு ஏன் சொல்லவில்லை? அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு லண்டனில் இருக்கிற தமக்கைக்குச் சொல்வாள். பிறகு நான் எந்தக் கலியாண வீட்டுக்கும் முகத்தைக் கொண்டுபோக முடியாது.

இப்படி ஊறிக்கொண்டிருந்த நேரத்தில் கந்தசஷ்டி வந்தது.

மனைவி வருடம் தவறாமல் ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவள். நான் அந்த ஆறு நாளும் அவளுக்குத் தொல்லை கொடுக்காமல் இருக்கிறவன். அதிலும் போன வருடம் தோற்றுப்போனேன். பட்டறைக்காரர் காட்டில் நெருப்பு மூட்டிச் செர்வலா சுட்ட வெள்ளிக்கிழமையன்று, வாயில் சொசேச்சோடு நான் நிற்கிற படம் அவள் கைபேசிவரை வந்து சேர்ந்தது. இந்த முறை அவள் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

“இஞ்சருங்கோ, நான் இந்த முறை பிடிக்க ஏலாது. சீனி கூடிப்போச்செண்டு டொக்டர் பேசிப்போட்டார். நீங்கள் எனக்காகப் பிடியுங்கோ.”

“நானோ? வேற ஆள் கிடைக்கேல்லையோ உமக்கு?”

“வேற புருஷன் இல்லையே எனக்கு. இருக்கிற ஒண்டைத்தான் கேக்கிறன்.”

“பதிலுக்கு ஆள் அனுப்பினால் முருகன் கணக்கிலை எடுப்பாரோ?”

“அவர் எடுப்பார். நீங்கள் சொசேச் தின்னாமல் இருந்தால் காணும்.”

பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. லோசானில் இருக்கிற எங்கள் மகள் அப்போது நாலாம் மாதம். அதற்கு முன் இரண்டு தரம் தங்கவில்லை. இரண்டாம் தரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மகள் காரின் பின் இருக்கையில் சுருண்டு படுத்தபடி வந்ததை நாங்கள் இருவருமே பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை. இந்த விரதம் யாருக்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓம் என்றேன். கோயிலில் கையில் காப்பு நூல் கட்டினார்கள். பகல் முழுக்கத் தண்ணீர், பின்னேரம் பாலும் பழமும்.

வீடு முழுக்கச் சைவமானது. மீனும் இறைச்சியும் சமைக்கிற மச்சச் சட்டிகள் நிலவறைக்குப் போயின. பிரிட்ஜை மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். நாள்தோறும் வேலையால் வந்து தலை முழுகினாள். மார்கழியைப் போன்ற குளிரில் ஈரத் தலையோடு தும்மிக்கொண்டு திரிந்தாள். விரத வீட்டின் சுத்தம் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்க எனக்கு நேரம் இல்லை. எனக்கு முகம் இருந்தது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. கோயில் முக்கால் மணி நேர ஓட்டத்தில், தொழிற்பேட்டை ஒன்றில், டயர்க்கடைக்கு மேல்மாடியில். புறப்படுமுன் நன்றாகவே பூசிக்கொண்டேன், நாலு பேர் பார்க்கிற இடம் என்று. சட்டையைக் கழற்றி, வேட்டியோடு ஆண்கள் பக்கத்தில் நின்றேன். ஐம்பது வெற்றுடம்புகள், எரிகிற கற்பூரம், திறக்காத சன்னல்கள். வியர்த்தது. வியர்க்க வியர்க்க நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று சூடாகி எழும்பி வந்தது. அவித்த தண்ணீரை மறுபடி அடுப்பில் வைத்ததுபோல.

பக்கத்தில் நின்ற அண்ணைக்கு எழுபது வயது. இந்தக் கோயில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் நடந்த காலம் தொட்டு நிற்கிறவர். மூக்கை உயர்த்தினார்.

“தம்பி, உமக்கு மணக்குதோ?”

“என்னண்ணை?”

“சொசேச்.”

“கற்பூரமெல்லோ அண்ணை மணக்குது.”

“கற்பூரம் எனக்குத் தெரியாதோ? இருவது வரியம் பள்ளிக்கூடக் கிச்சினிலை நிண்டனான். இது செர்வலா. சுட்டதில்லை, அவிச்சது. அதுவும் ஆறின தண்ணி.”

இவ்வளவு துல்லியமான மூக்கை எங்கள் பட்டறையில்கூட நான் பார்த்ததில்லை. அவர் முன்னால் நின்றவரை மணந்து பார்த்தார். அவருக்கு முன்னால் நின்றவரையும் மணந்து பார்த்தார். திரும்பி வந்தார்.

“கீழை டயர்க்கடைதானே?”

“ஓம் அண்ணை. டயராயிருக்கும்.”

“டயர் இப்பிடி மணக்காது. தம்பி, இஞ்சாலை வரேக்கைதான் கூடுது. நீர் விரதமெல்லோ?”

“ஓம் அண்ணை.”

அவர் என் கையிலிருந்த காப்பு நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு அடி தள்ளி நின்றார். வாயால் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த இரண்டு அடி இடைவெளியைப் பெண்கள் பக்கத்திலிருந்து எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருந்தது. பூசை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் அவர் தன் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மா என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

காரில் ஏறியதும் மனைவி சால்வையை எடுத்துத் தலையை மூடி, கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் பக்கக் கண்ணாடியை இறக்கினாள். குளிர்காற்று முகத்தில் அடிக்க வீடுவரை அப்படியே இருந்தாள்.

வந்ததும் நேரே குளியலறைக்குப் போய்விடுவாள் என்று தெரியும். முந்திக்கொண்டேன். துவாய்களுக்குப் பின்னாலிருந்து போத்தலை எடுத்து, வெறும் ஜாம் போத்தல்களோடு பையில் போட்டு, தெருமுனையில் இருக்கிற கண்ணாடிச் சேகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுபோய், கபிலப் போத்தல்களுக்கான துளைக்குள் விட்டேன். உள்ளே உடைகிற சத்தம் கேட்டது. நிம்மதியாகத் திரும்பினேன்.

மனைவி தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு குசினி மேசையில் இருந்தாள். கழுவிய மரக்கறிச் சட்டிகளை எல்லாம் மறுபடி எடுத்துக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

“ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லுங்கோ. கோயிலிலை உங்களிலை இருந்தோ மணந்தது?”

“ஓம்,” என்றேன். அதையாவது மறுக்க முடியாது.

“திண்டனீங்களோ?”

யோசிப்பதற்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. ஒரு பக்கம் செர்வலா. மறுபக்கம், ஐம்பத்து நாலு வயதில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கன்னத்தை வெளுப்பாக்குகிற ஒருவன். செர்வலா ஏற்கெனவே பழகின குற்றம். போன வருடம் அதற்கு இரண்டு நாள் பேச்சு விழுந்தது, அவ்வளவுதான். மற்றதற்கு லண்டன் தமக்கை இருக்கிறாள்.

“ஓம். ஒண்டு.”

“எப்ப?”

“வியாழக்கிழமை.” ஏன் வியாழன் என்றால், சும்மா. பாவம் செய்வதற்கு ஏற்ற, எந்தச் சிறப்பும் இல்லாத நாளாகப் பட்டது.

அவள் துவாயைத் தலையிலிருந்து கழற்றி மடியில் வைத்தாள்.

“வியாழக்கிழமைதான் பிள்ளைக்கு ஸ்கான்.”

மறந்துபோயிருந்தேன். மகள் ஸ்கானுக்குப் போனது, கூடவே இரத்தமும் எடுத்தது, திங்கட்கிழமைதான் மறுமொழி சொல்வார்கள் என்று தொலைபேசியில் சொன்னது, எல்லாவற்றையும் நான் பக்கத்திலிருந்து கேட்டவன். மறந்துபோயிருந்தேன்.

“பதினொரு மணிக்கு ஸ்கான். நீங்கள் திண்டது அதுக்கு முந்தியோ, பிந்தியோ?”

அவள் கோபத்தில் கேட்கவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். பேருந்து நேரம் விசாரிக்கிறவளைப் போல, பதில் தெரிந்தாக வேண்டும் என்று கேட்டாள். முகத்தில் இரத்தம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது, என் முகத்தைப் பற்றி ஒரு மாதமாக நான் யோசித்ததெல்லாம் எனக்கே அருவருப்பாகப் பட்டது.

“நான் தின்னேல்லையப்பா. பொய் சொன்னனான்.”

“இப்பத்தானே திண்டனான் எண்டனீங்கள்.”

“அதுதான் பொய்.”

“அப்ப மணம்?”

“முகத்துக்குப் பூசுறது. வைட்டமின் சீ.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. “வைட்டமின் சீ சொசேச் மணக்குமோ? என்னை என்ன விசரி எண்டு நினைச்சியளோ? திண்டதைத் திண்டனான் எண்டு சொல்லுங்கோ, நான் வேற ஏதும் நேந்து சமாளிப்பன். உப்பிடி நாக்கை மாத்தாதேங்கோ.”

“உண்மையாத்தான் சொல்லுறன். ஒரு போத்தல்.”

“எங்கை போத்தல்?”

“எறிஞ்சுபோட்டன்.”

“எப்ப?”

“இப்ப.”

“நல்லாயிருக்கு,” என்றாள்.

நான் திரும்பவும் தெருமுனைக்கு ஓடினேன். கண்ணாடித் தொட்டியின் துளைக்கு ஒரு இறப்பர் மடல் இருக்கிறது. தோள்வரை கையை விட்டேன். உள்ளே ஒட்டியது, வழுக்கியது, ஏதோ ஒன்று நூல்நூலாக விரலில் சுற்றியது. புளித்த வைனும் பழைய மீன் எண்ணெயும் முழங்கைவழியாக ஒழுகிக் கக்கத்துக்கு வந்தன. நாயோடு வந்த ஒரு மூதாட்டி “போன்சூர்” என்றாள். தோள்வரை தொட்டிக்குள் நின்றபடியே நானும் “போன்சூர்” என்றேன். நாய் என் முகத்தை அண்ணாந்து பார்த்து நாக்கால் மூஞ்சியைத் தடவிக்கொண்டது. அதற்காவது நான் சொன்னது உண்மையென்று தெரிந்தது. போத்தல் அகப்படவில்லை.

குசினிக்குத் திரும்பியபோது மனைவி மூக்கைச் சுளித்தாள். “இப்ப சாராயமும் மணக்குது.”

“கொஞ்சம் வாரும்,” என்று அவளைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனேன். வேறு சாட்சி ஒன்று இருப்பது தொட்டிக்குள் கை விட்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. என் தலையணையைத் திருப்பிக் காட்டினேன். கன்னம் படுகிற இடத்தில் செம்மஞ்சளாக ஒரு படை.

“உது மஞ்சளெல்லோ,” என்றாள். “பிரிட்ஜ் துடைச்ச கை பட்டதாக்கும் எண்டு நினைச்சனான்.”

“மணந்து பாரும்.”

சந்தேகத்தோடு குனிந்தாள். மணந்தாள். “சீக்!” என்று தலையணையைக் கீழே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓங்காளித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு மெதுவாகத் தன் தலையணையை எடுத்தாள். அதையும் மணந்தாள். இன்னொரு தரம் மணந்தாள். கட்டிலின் ஓரத்தில் இருந்தாள்.

“அப்ப, என்ரை தலை இல்லை,” என்றாள்.

விளங்கவில்லை எனக்கு. அவள் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள். கிழமைக்கு இரண்டு தரம் அங்கே செர்வலா அவிப்பார்கள்.

“அங்கத்தை மணம் என்ரை தலைமயிரிலை ஏறி வீட்டை வருகுதெண்டெல்லோ நினைச்சனான். விரதம் பிடிக்கிற ஆளுக்குப் பக்கத்திலை மச்ச மணத்தோடை படுக்கிறன் எண்டு. அதுதான் நாளாந்தம் முழுகினது. இந்தக் கிழமை என்னை மரக்கறி வெட்டுற மேசைக்கு மாத்தச் சொல்லி ஷெப்பைக் கெஞ்சினனான். அதுக்குப் பிறகும் மணந்தது. கோயிலிலை அந்த அக்கா சொல்லேக்கை, என்னிலை இருந்து உங்களிலை ஒட்டினதோ எண்டு…”

தும்மினாள். ஈரத் தலை. சால்வையால் ஏன் மூடினாள், கண்ணாடியை ஏன் இறக்கினாள் என்றெல்லாம் அப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்தது. ஐந்து நாளாக ஒரு பெண் தன்னைத்தானே அருவருத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். அந்த அருவருப்பைத் தயாரித்தவன் நான். காலையும் மாலையும், தாராளமாக, கழுத்துக்கும் சேர்த்து. அந்த நேரத்தில் என்னைப் பார்க்கப் பத்து மடங்கு லூப் தேவைப்பட்டிருக்காது.

நான் துவாயை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

“முதல் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ.”

கழுவிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் கேட்டாள்.

“எதுக்கு உதைப் பூசினனீங்கள்?”

“மங்குக்கு.”

“எங்கை மங்கு?”

கன்னத்தைக் காட்டினேன். கிட்ட வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உதோ? உது உங்கட முகம் எண்டெல்லோ நினைச்சிருந்தனான்.”

“அப்ப விரதம் முறியேல்லைத்தானே?” என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அந்தக் கேள்வியின் பதில் எனக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

அவள் தலையணை உறையை இரண்டு விரலால் கழற்றிக்கொண்டே யோசித்தாள். “தின்னேல்லையெண்டால் முறியேல்லை. ஆனால் பொய் சொன்னனீங்கள். அதையும் பிள்ளையின்ரை நாளிலை கொண்டுபோய் வைச்சனீங்கள். ஒரு நாள் கூட்டிப் பிடியுங்கோ.”

“பாரணை அண்டைக்கோ?”

“ஓம். நான் சமைப்பன். நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கோ.”

மறுநாள் சூரன்போருக்கு வெறும் சவர்க்காரத்தால் மட்டும் முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். சூரன் ஒவ்வொரு தலையாக மாற்றிக்கொண்டு டயர்க்கடை வாசலில் சுற்றிச் சுற்றி வந்தான். எந்தத் தலையும் அவனுக்கு உதவவில்லை. முந்தின நாள் தள்ளி நின்ற அண்ணை என் பக்கத்தில் வந்து, நாசுக்கே இல்லாமல் மணந்து பார்த்துவிட்டு, “இண்டைக்குப் பரவாயில்லை” என்றார்.

திங்கட்கிழமைக்கு இருவரும் முன்கூட்டியே விடுப்பு எடுத்திருந்தோம், விரதம் முடித்துச் சாப்பிடுகிற பாரணை என்று. மனைவி கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பயத்தங்காய், வாழைக்காய்ப் பொரியல், இரசம் என்று ஒன்றும் விடாமல் சமைத்தாள். நான் எதிரே வெறும் தண்ணீரோடு இருந்தேன். தலையணை பல்கனிக் கம்பியில் தொங்கியது. இரண்டு தரம் தோய்த்தும் போகவில்லை; கீழ்வீட்டுப் பூனை அதற்கு முன்னால் குந்திக்கொண்டு, பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் இரண்டு வாய்தான் வைத்திருப்பாள். தொலைபேசி அடித்தது. எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி மற்றக் கையால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

“அம்மா, மறுமொழி வந்திட்டுது. எல்லாம் நோர்மலாம். பிள்ளை நல்லாயிருக்காம்.”

மனைவி இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் இரண்டு தரம் “அம்மா? அம்மா?” என்றாள்.

“கேட்டுதம்மா. கேட்டுது.”

“அப்பா பக்கத்திலையோ? பாரணைச் சாப்பாடு சாப்பிடுறாரோ?”

“இல்லை. அவருக்கு இண்டைக்கும் விரதம்.”

“ஏன்? நேற்றோடை முடிஞ்சுதெல்லோ?”

மனைவி மேசைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கன்னத்தை, மங்கு இருக்கிற இடத்தை. கண் கலங்கியிருந்தது, வாய் ஓரத்தில் பால்கறி.

“உனக்காகப் பிடிச்ச நாள் முடிஞ்சுது பிள்ளை,” என்றாள். “இண்டைக்குப் பிடிக்கிறது அவரின்ரை முகத்துக்கு.”